சிவப்புக் கிட்டாரா, நல்ல கிட்டாரா?

நான் வாங்கிய முதல் எலெக்ட்ரிக் கிட்டாரை வாசித்துப் பார்த்து வாங்கவில்லை. கடைச் சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்தேன், வாங்கினேன். பளபளக்கும் கறுப்பு உடம்பு, ஓரமெல்லாம் வெள்ளைக் கரை, தங்க நிற டியூனிங் கீ. கடைக்காரர் ஆம்ப்பில் செருகித் தரட்டுமா என்று கேட்டார். நாலு பேர் முன்னால் தப்பாக வாசிக்க வெட்கப்பட்டுக்கொண்டு வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்து ஏழாவது ஃபிரெட்டில், அதாவது நெக்கின் குறுக்கே பதித்த ஏழாவது உலோகக் கட்டையில், விரல் வைத்ததும் கம்பி குளவி மாதிரி இரைந்தது. மூன்றாவது கம்பி பாட்டுக்கு ஒருமுறை சுருதி இறங்கியது. ஒரு வருடத்தில் தங்கப் பூச்சு உரிந்து, அடியில் வெளுத்துப்போன ஏதோ உலோகம் பல்லிளித்தது.

அதற்குப் பிறகு பல வருடம் நானும் எல்லோரையும் போல, கிட்டாரைக் காதால் வாங்க வேண்டும், கண்ணால் வாங்கக் கூடாது என்று பிறருக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பேச்சில் பாதிதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. மலிவு விலைக் கிட்டாரில், அதாவது பதினைந்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் ரூபாய்க்குள் வாங்கும் கிட்டாரில், கண் எதைப் பார்க்கிறது, காது எதைக் கேட்கிறது, கை எதைத் தொடுகிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு பிடிபடும்.

வீணையை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் வீணை செய்பவர்கள் வயதேறிய பலாமரத்தைத் தேடிப்போவது சும்மா இல்லை. கம்பியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தில் இறங்குகிறது. குடம் அதிர்ந்துதான் காற்றை அசைக்கிறது. அங்கே பாடுவது மரம். எலெக்ட்ரிக் கிட்டாரில் மரத்துக்கு அந்த வேலை கிடையாது. கம்பிகளுக்கு அடியில் பிக்கப் என்று ஒரு சின்னப் பட்டை இருக்கிறது. உள்ளே காந்தம்; அதைச் சுற்றித் தலைமுடி அளவு மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. மேலே இரும்புக் கம்பி அசைந்தால் காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. மைக்கேல் ஃபாரடே 1831இல் கண்டுபிடித்த அதே விதிதான். நைலான் கம்பியை மாட்டிப் பாருங்கள், பிக்கப்புக்குக் காது கேட்காது. சரியாகச் சந்தைக்கு வந்து விற்ற முதல் எலெக்ட்ரிக் கிட்டாரான ரிக்கன்பேக்கர் 'வாணலி'யின் உடம்பில் மரமே இல்லை. 1932இல் அலுமினியத்தில் வார்த்து விற்றார்கள். நம் ஊர்க் காதுகளுக்கு இன்னும் பழக்கமான சாட்சி மேண்டலின் ஸ்ரீநிவாஸ். அவர் கையில் இருந்தது குடம் இல்லாத, கட்டை உடம்பு எலெக்ட்ரிக் மேண்டலின். எட்டுக் கம்பியை ஐந்தாகக் குறைத்துக்கொண்டார். சபாவின் கடைசி வரிசை வரை கமகம் போய்ச் சேர்ந்தது கம்பியாலும் பிக்கப்பாலும் ஆம்ப்பாலும்தான்.

இருந்தாலும் கிட்டார் உலகில் மரச் சண்டை ஓய்வதில்லை. ஆல்டர் இனிமை, மஹாகனி கனம், மேப்பிள் கூர்மை என்று விளம்பரத் தாளில் ஜாதகம் எழுதியிருப்பார்கள். நாஷ்வில்லைச் சேர்ந்த ஜிம் லில் என்ற கிட்டார் கலைஞர் இதை ஒரு காணொளியில் சோதித்துக் காட்டினார். கிட்டாரே இல்லாமல், இரண்டு தாங்கல்களுக்கு நடுவே அந்தரத்தில் கம்பிகளை இழுத்துக் கட்டினார். அடியில் அதே பிக்கப்பை அதே தூரத்தில் வைத்து வாசித்தார். விலை உயர்ந்த கிட்டாருக்கும் அந்த அந்தரக் கம்பிகளுக்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதைவிட ஆச்சரியம், மரத்தையே நம்பியிருக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரில் நடந்தது. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு அது. பின்பலகை, பக்கப்பலகை மரங்களை மட்டும் மாற்றி, மற்றபடி ஒரே மாதிரி ஆறு கிட்டார்களைச் செய்வித்தார்கள். 52 கிட்டார் வாசிப்பவர்களிடம் கொடுத்து, எது எந்தக் கிட்டார் என்று கண்ணுக்குத் தெரியாதபடி வாசிக்க வைத்தார்கள். விலை உயர்ந்த மரத்தையும் மலிவு மரத்தையும் அவர்களால் நம்பிக்கையாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மரத்துக்கு ஒரு பங்கும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கிட்டாரின் எடை மரத்தைப் பொறுத்தது. நெக் எவ்வளவு விறைப்பாக நிற்கிறது என்பதும் அப்படித்தான். நெக் சில சுரங்களில் கம்பியோடு சேர்ந்து ஆடி அதன் பலத்தை உறிஞ்சிவிடும்; அந்த இடத்தில் மட்டும் ஒலி சட்டென்று சாகும். விலை உயர்ந்த கிட்டார்களிலும் இந்தக் குறை உண்டு. ஆனால் இருபதாயிரம் ரூபாய்க் கிட்டாரில் உடம்பு பாப்லரா பாஸ்வுட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்வது, கல்யாணப் பந்தியில் இலை எந்த ஊர் வாழையில் அறுத்தது என்று விசாரிப்பது போலத்தான்.

கிட்டார் கம்பெனிகள் ஆரம்பத்திலிருந்தே இந்த உண்மையை அறிந்தவை போலத்தான் நடந்துகொண்டன. மரம் பாடாது என்றால் அதன்மேல் எந்தப் பெயின்ட்டையும் அடிக்கலாம். கிட்டார் வாசிக்கவே தெரியாத லியோ ஃபெண்டர் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டுவந்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்கக் கார்களுக்கு அடிக்கும் டுபோண்ட் பெயின்ட்டுகள் கிட்டாருக்கும் வந்துவிட்டன. வாடிக்கையாளர் தனக்குப் பிடித்த நிறம் கேட்டால் விலையில் ஐந்து சதவீதம் கூடுதல். ஃபியஸ்டா ரெட், லேக் பிளாசிட் புளூ என்று இன்றைக்கு நாம் ஆசைப்படும் நிறங்களெல்லாம் அன்றைய கார் ஷோரூமிலிருந்து வந்தவை. கிப்சன் கம்பெனி 1958இல் அம்பு மாதிரி ஃப்ளையிங் வி-யை இறக்கியது. முதல் இரண்டு வருடத்தில் நூறுகூடத் தேறவில்லை. அப்போது யாரும் சீண்டாத அந்த வடிவத்தைத்தான் இன்று ஹெவி மெட்டல் பையன்கள் சுவரில் படமாக ஒட்டிவைத்திருக்கிறார்கள்.

மலிவுக் கிட்டாரின் வரலாறோ முழுக்க முழுக்க தோற்றத்துக்கும் ஒலிக்கும் நடுவில் நடந்த வேடிக்கைதான். அமெரிக்காவில் நேதன் டேனியல் என்பவர் டேன்எலெக்ட்ரோ கிட்டார்களைச் செய்தார். பாப்லர் மரச் சட்டம். அதற்கு மேலும் கீழும் மேசனைட், அதாவது மரநாரை அழுத்திச் செய்த அட்டை. பிக்கப்பை மூட லிப்ஸ்டிக் குழாய். சியர்ஸ் கம்பெனியின் கேட்டலாக்கில் வீட்டுச் சாமான்களோடு சேர்த்து விற்றார்கள். அந்த அட்டைக் கிட்டாரைத்தான் லெட் செப்பெலின் மேடைகளில் ஜிம்மி பேஜ் தோளில் மாட்டிக்கொண்டார். பல வருடம் கழித்து ராக் கலைஞர் ஜாக் வைட் பிடித்த ஏர்லைன் கிட்டாரோ கண்ணாடியிழைப் பிளாஸ்டிக். இரண்டும் அவரவர் காலத்தில் ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கிட்டார்கள். இன்று பழைய சாமான் சந்தையில் அவற்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

என்னைக் கேட்டால், கண்ணா காதா என்ற இந்தக் கேள்வியை முழுதாகப் புரிந்து வைத்திருந்தவர் குயீன் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே. காசு இல்லாத பள்ளி மாணவன், 1963இல் அப்பாவோடு உட்கார்ந்து கிட்டார் செய்ய ஆரம்பித்தார். ஒரு பழைய வீட்டின் கணப்படுப்பு மேல்கட்டையிலிருந்து நெக். பழைய மேசையின் ஓக் கட்டையும் பிளாக்போர்டு என்ற சாதாரண ஒட்டுப்பலகையும் சேர்த்து உடம்பு. கம்பிகளைத் தளர்த்தி இறுக்கிச் சுரத்தை ஆட்டும் டிரெமோலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். அதன் கைப்பிடியின் நுனியில் பின்னல் ஊசியின் தலை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே அவர் ஒட்டியது என்ன தெரியுமா? மஹாகனி வெனீர். அதன்மேல் சிவந்த மெருகு. அந்தத் தகப்பனும் மகனும் ஒலிக்கு வேண்டியதை ஒரு கணக்காகவும் கண்ணுக்கு வேண்டியதை இன்னொரு கணக்காகவும் யோசித்திருக்கிறார்கள். ஒன்றின் செலவை இன்னொன்றில் பிடிக்கவில்லை. குயீன் பாட்டுகளில் நாம் கேட்பது, ரெட் ஸ்பெஷல் என்று பெயர் பெற்ற அந்தக் கிட்டாரைத்தான்.

கடையில் தொங்கும் மலிவுக் கிட்டாரில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஒரு விலை தீர்மானமாகிவிடுகிறது. அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். வெள்ளைக் கரை ஒட்டுவது ஒரு வேலை. முகப்பில் மேப்பிள் வரி தெரிய ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத தோலை ஒட்டுவது இன்னொரு வேலை. சிலவற்றில் அதுவும் அச்சடித்த படம்தான். தங்கப் பூச்சு, முத்துச்சிப்பி போன்ற பிளாஸ்டிக் பொட்டு, மேடுபள்ளமாகச் செதுக்கிய முகப்பு, எல்லாவற்றுக்கும் ஆள்கூலி உண்டு. அந்தக் காசு எங்கிருந்து வரும்? ஃபிரெட் நுனிகளை ராவி மழுக்கும் நேரத்திலிருந்து, தலைப்பக்கம் கம்பிகள் படியும் பள்ளப் பட்டையான நட்டை அறுக்கும் கவனத்திலிருந்து, டியூனிங் கீயின் பல்சக்கரத்திலிருந்து வரும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கத்தரி விழும்.

ஆனால் நிறத்துக்கு ஆகும் செலவு வேறு. இன்றைய தொழிற்சாலையில் எப்படியும் ஏதோ ஒரு பாலியெஸ்டர் பூச்சு அடித்தே ஆக வேண்டும். வெள்ளை அடித்தாலும் சிவப்பு அடித்தாலும் கம்பெனிக்கு ஏறக்குறைய ஒரே காசு. அதனால்தான் சொல்கிறேன்: நிறத்தை ஆசை தீரத் தேர்ந்தெடுங்கள், அலங்காரத்தைக் கண்டால் ஒதுங்குங்கள். மூன்றாவது மாதம் விரல் நுனி எரியும்போது, மூலையில் இருக்கும் கிட்டார் கண்ணைக் கூப்பிட வேண்டும். பிடிக்காத நிறத்தில் நல்ல கிட்டாரை வாங்கி உறைக்குள் போட்டு அலமாரிமேல் வைத்தவர்கள் இரண்டு பேரை எனக்கே தெரியும்.

வடிவம் இன்னொரு விஷயம். அதைப் பலரும் தோற்றக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது கையின் கணக்கு, முதுகின் கணக்கு. கிப்சனின் லெஸ் பால் வகை நாலு கிலோவைத் தாண்டுவது சகஜம்; ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் தோள்பட்டை சொல்லும். அதே கம்பெனியின் எஸ்ஜி மெலிசானது, ஆனால் கையை விட்டால் தலைப்பக்கம் சாயும். ஃப்ளையிங் வி-யை நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைக்கப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் பின்பக்கம் வயிற்றுக்கும் முன்பக்கம் முழங்கைக்கும் குடைந்துவிட்டது அலங்காரத்துக்காக இல்லை. ஃபெண்டர் வகையில் கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர், கிப்சன் வகையில் 628 சொச்சம். அந்த இரண்டு சென்டிமீட்டரில் கம்பி கொஞ்சம் தளர்வாகி, இழுத்து வளைப்பது எளிதாகும். சின்னக் கைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாக் கம்பெனிக் கிட்டாரும் ஏன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியே இருக்கின்றன என்று கேட்பவர்கள் உண்டு. ஃபெண்டர் தன் உடம்பு வடிவங்களை வணிக முத்திரையாகப் பதியக் கேட்டபோது, அவை பொது வடிவமாகிவிட்டன என்று 2009இல் அமெரிக்காவில் மறுத்துவிட்டார்கள். தலை வடிவம் மட்டும் ஃபெண்டருடையது. ஆகவே மலிவுக் கிட்டாரின் உடம்பு ஒரே அச்சு, தலை மட்டும் விதவிதமான கோணல்.

இனி கடைக்குள் போவோம். ஆம்ப்பில் செருகும் முன்பே பாதி பரீட்சை முடிந்துவிட வேண்டும். நெக்கின் இரண்டு ஓரத்திலும் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து மேலிருந்து கீழ் வரை இழுங்கள். ஃபிரெட் நுனி ரம்பம் மாதிரி கீறினால் திருப்பி மாட்டிவிடுங்கள். பிறகு உடம்புப் பக்கத்திலிருந்து நெக்கை ஒற்றைக் கண்ணால் பாருங்கள், ஆசாரி பலகையின் நேர் பார்ப்பதுபோல. லேசான குழி இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது. பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு மேலே தடித்த கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? இரண்டு மில்லிமீட்டரைச் சுற்றி இருந்தால் நல்லது. அதிகம் என்றாலும் பயமில்லை, பிரிட்ஜில் இறக்கலாம். இறக்கியதும் இரைந்தால்தான் வம்பு. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் அழுத்தி மெதுவாக மீட்டுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நூற்றுச் சொச்சம் சுரம், ஐந்து நிமிட வேலை. வாசிக்கத் தெரியவே வேண்டாம். நான் அன்றைக்கு வெட்கப்பட்டதற்கு இன்றைக்கும் வருந்துகிறேன்.

சுருதி வைக்கும்போது 'டிங்' என்று ஒரு சத்தம் வந்து சுரம் துள்ளுகிறதா? குற்றவாளி பெரும்பாலும் டியூனிங் கீ இல்லை, நட். அதன் பள்ளத்தில் கம்பி சிக்கிக்கொண்டு திடீரென வழுக்குகிறது. என் மூன்றாவது கம்பிக்கு நடந்ததும் இதுதான். அதற்கு வைத்தியம் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது. கம்பியைத் தளர்த்தித் தூக்கி, பள்ளத்தில் பென்சில் முனையை நாலு தடவை இழுங்கள். கிராஃபைட் தூள் எண்ணெய்போல வேலை செய்யும். அதற்கும் அடங்காவிட்டால் நட் அறுத்துக் கொடுக்க ஆள் தேட வேண்டும்.

அப்புறம்தான் ஒலி. ஒற்றைச் சுருள் பிக்கப் மணி போலத் தெளிவாக ஒலிக்கும், கூடவே இரையும். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரத்தை அது வானொலி மாதிரி பிடித்துக்கொள்கிறது. எர்த் சரியில்லாத வீடு, ஃபேன் ரெகுலேட்டர், டியூப் லைட் எல்லாம் சேர்ந்தால் கச்சேரியே அதுதான். நாற்காலியோடு கொஞ்சம் திரும்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் இரைச்சல் அடங்கும். இதற்காகவே கிப்சனில் சேத் லவர் 1955இல் இரண்டு சுருளை எதிரெதிராகக் கட்டி ஹம்பக்கரைச் செய்தார். ஒலி கனமாகும், ரீங்காரம் போகும். இரண்டும் கலந்து, பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கரும் மற்ற இரண்டு இடத்தில் ஒற்றைச் சுருளும் வைத்த கிட்டார்தான் புதிதாகத் தொடங்குபவருக்கு வசதி. சினிமாப் பாட்டும் வாசிக்கலாம், ராக்கும் வாசிக்கலாம்.

பிக்கப் மாற்றக்கூடிய சாமான் என்பதை மறக்க வேண்டாம். சால்டரிங் தெரிந்த யாரும் ஒரு மாலையில் மாற்றிவிடுவார். அதற்கும் முன்னால் ஒரு திருப்புளியை எடுத்து அதன் உயரத்தை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கம்பிக்கு மிக அருகில் இருந்தால் ஒலி கரகரக்கும், காந்தம் கம்பியைப் பிடித்து இழுக்கும். இரண்டு மில்லிமீட்டர் இறக்கினால் வேறு கிட்டாரோ என்று தோன்றும். செலவு பூஜ்யம். ஆக, கடையில் ஒலி பிடிக்கவில்லை என்று நல்ல நெக் உள்ள கிட்டாரை விட்டுவராதீர்கள். நெக்கையும் ஃபிரெட்டையும் மாற்றுவதுதான் கிட்டாரின் விலையைத் தின்றுவிடும்.

ஒலியில் பெரும்பங்கு ஆம்ப்பினுடையது. யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிற கதையாக, கிட்டாருக்கே எல்லாக் காசையும் கொட்டிவிட்டு, பெட்டியோடு இலவசமாகத் தந்த தகர டப்பா ஸ்பீக்கரில் வாசிப்பவர்கள் அநேகம். கையில் முப்பதாயிரம் இருந்தால் இருபதைக் கிட்டாருக்கும் மிச்சத்தை ஆம்ப், கேபிள், ஒரு செட் புதுக் கம்பி, செட்டப் கூலி ஆகியவற்றுக்கும் வைப்பேன். அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு ஹெட்போன் செருகும் சின்ன மாடலிங் ஆம்ப் போதும். பக்கத்து வீட்டுச் சமாதானமும் ஒரு செலவுக் கணக்குதான்.

பெயர்களைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகிவிடும். யமஹா பாசிஃபிகா 1990இலிருந்து வருகிறது. அலங்காரம் குறைவு, வேலை சுத்தம். என் முதல் சிபாரிசு அதுதான். ஃபெண்டரின் தம்பி பிராண்டான ஸ்கொயர் 1982இல் ஜப்பானில் தொடங்கியது. அதன் சோனிக் வரிசை மலிவு. அதில் டிரெமோலோ இல்லாத டெலிகாஸ்டர் சுருதி நிற்பதில் கெட்டி. ஐபனெஸ் ஜியோவின் நெக் மெலிசு, வேகமாக வாசிக்க ஆசைப்படுபவர்களுக்கு ஏற்றது. எபிஃபோனின் லெஸ் பால் வகையில் அலங்காரம் குறைந்த மாடலையே பாருங்கள். இவற்றில் பல இந்தோனேசியாவிலும் சீனாவிலும் ஒரே மாதிரி கணினி இயந்திரங்களில் அறுபட்டு வருபவை. அதனால் ஒரே மாடலின் இரண்டு கிட்டாருக்குள் உள்ள வித்தியாசம், இரண்டு பிராண்டுக்கு நடுவில் உள்ளதைவிட அதிகமாகவும் இருக்கலாம். முடிந்தவரை நேரில் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். இந்த விலையில் ஃபிளாய்ட் ரோஸ் போன்ற மிதக்கும் டிரெமோலோ வைத்த எதுவும் வேண்டவே வேண்டாம். ஒரு கம்பியைத் தொட்டால் மற்ற ஐந்து கம்பியும் கோபித்துக்கொள்ளும்.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். உப்புக் காற்றும் வியர்வையும் சேர்ந்தால் புதுக் கம்பி சீக்கிரமே சொரசொரத்துவிடும்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். கப்பலில் வந்த பெட்டியைப் பிரித்து அப்படியே சுவரில் மாட்டாதீர்கள். கம்பியை மாற்றி, நெக்கை நிமிர்த்தி, உயரம் சரிசெய்து மாட்டுங்கள். அந்த அரை மணி நேர வேலைக்கு ஐந்நூறு ரூபாய் கூடக் கேளுங்கள், தருகிறோம்.